டவுனிலிருந்து வந்த சோத்துப் பார்சல்



சம்பளம் வாங்கியதும் பதுளை டவுனுக்குப் போகாத வீடு நம்மிடம் குறைவு. சாமான் வாங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்டு, வீட்டில் இருக்கிற புள்ளைங்களுக்கும் இரண்டு பிரைட் ரைஸ் பார்சல் கட்டிக்கொண்டு வருகிறோம். நானும் அப்படி வாங்கி வருகிறவன்தான். ஆனால் பகல் ஒரு மணிக்குக் கட்டிய பார்சல், பசறை, மடுல்சீமை பஸ்ஸில் நசுங்கி லயத்துக்கு வந்து, டியூஷன் முடிந்து வந்த புள்ளை அதைப் பிரிக்கும்போது இரவு ஏழு மணி.

ஒரு சம்பளத்துக்குப் பிறகு ஒரே லயத்தில் மூன்று காம்பராவில் வாந்தி, பேதி. நாலு வயதுப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கே வாந்தி தொடங்கிவிட்டது. கண்ணூறு என்று திருநீறு போட்டார்கள். காலையில் என்னிடம் தூக்கி வந்தபோது கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் பிழைத்தது. அந்தத் தாய் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “சூடாக்கித்தானே சார் குடுத்தேன்.”

இந்தப் பாடம் அந்த ஒரு பேச்சுக்காகத்தான் எழுதுகிறேன்.

அரிசியில் ‘பசிலஸ் சீரியஸ்’ என்ற கிருமியின் வித்து இருக்கும். சோறு கொதித்தாலும் அது சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி எடுக்கவைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. கடையில் காலையில் ஆக்கிய சோற்றை மாலையில் தாச்சியில் போட்டு வறுத்தாலும் இதே கதைதான். சமைப்பவர் கைப்புண்ணிலிருந்து சேரும் வேறொரு கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு அடங்காது. ‘நம்ம ஊர் குளிர்தானே, சாப்பாடு கெடாது’ என்பார்கள். நுவரெலியாக் குளிர் பதுளை டவுனில் ஏது? மலை மேலே இருக்கிற லயத்திலும், அடுப்படி ஓரத்தில் வைத்த பார்சல் குளிர்வதில்லை.

இறைச்சியில் ஆபத்து வேறு மாதிரி. கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 2022 மே மாதம் ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்டவர்களில் 16 வயது மாணவி ஒருத்தி இறந்தாள், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ‘ஷிகெல்லா’ கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு நாமக்கல்லிலும் கடைச் சாப்பாட்டால் 14 வயதுப் பிள்ளை ஒன்று போய்விட்டது. கோழிக்குள்ளே சிவப்புத் தெரிந்தால், காசு போனாலும் பரவாயில்லை, திருப்பிக் கொடுங்கள்.

பார்சல் வாங்குவதானால் வீட்டுக்குப் புறப்படும் கடைசி நேரத்தில், கண் முன்னால் சுடச்சுடப் போட்டதை வாங்குங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். அதற்கு மேல் தூரமென்றால் பாணும் வாழைப்பழமும் நல்லது.

வாந்தி, பேதி தொடங்கினால் நிறுத்துகிற குளிசையைத் தேடாதீர்கள், பிள்ளைகளுக்கு அது கூடவே கூடாது. ஜீவனி பக்கெட் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். கையில் இல்லாவிட்டால் அதே தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலை தட்டி அளந்தது. உப்புக் கூடினால் கெடுதி. வாந்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வெறும் தேத்தண்ணி மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது போதாது. ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகளும் அப்படியே. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. ரோட்டு மோசமான தோட்டமென்றால் மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ‘நாளைக்குப் பேர் போயிரும்’ என்று தகப்பன் படுத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய சாப்பாட்டை உடனே நாய்க்குப் போட்டுவிடுகிறோம். அப்படிச் செய்யாமல் லன்ச் சீட்டோடு ஒரு பையில் கட்டி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். எந்தக் கடை, எத்தனை மணிக்கு வாங்கியது, யார் யார் சாப்பிட்டது என்று ஒரு துண்டில் எழுதி, பி.எச்.ஐ. ஐயாவிடம் கொடுங்கள். மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பது 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். சிங்களத்தில் பேச வராது என்று தயங்குகிறவர்கள் துண்டை என்னிடம் தாருங்கள், நான் கூடவே வருகிறேன்.