தொலி உளுந்தைத் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46, பள்ளி ஆசிரியை. காலை ஏழரைக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு காபி. பத்தரைக்கெல்லாம் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. யாராவது முறுக்கு டப்பாவைத் திறந்தால் கை தானாகப் போகிறது. “இட்லியை விட்டுட்டு ஓட்ஸ் சாப்பிடு, புரோட்டீன் பவுடர் வாங்கு” என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். “உளுந்தங்கஞ்சி குடிச்சிட்டுப் போ, மத்தியானம் வரைக்கும் தாங்கும்” என்கிறார் என் அத்தை. யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: அத்தை பேச்சைக் கேளுங்கள், அம்மா. மகளுக்குச் சொல்லக் காரணமும் தருகிறேன்.

இட்லி நல்ல உணவுதான். ஆனால் மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்குதான் உளுந்து, அதுவும் தொலி நீக்கியது. நாலு இட்லியில் புரதம் 6 முதல் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராம் அளவுக்குத்தான் தேறும். நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆவியில் வெந்த மென்மையான மாவு சீக்கிரம் செரித்துவிடும். இரத்தச் சர்க்கரை விறுவிறுவென ஏறி இறங்கும். பத்தரை மணிப் பசிக்கு இது முக்கியக் காரணம்.

புரதம் குடலுக்குப் போனதும் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் குறைகிறது. உளுந்தங்கஞ்சி கொதிக்கும்போது கரண்டியில் கொழகொழவென்று ஒட்டுகிறதே, அந்தப் பசைத்தன்மையில் கரையும் நாருக்கும் பங்குண்டு. அது இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. மேலே மிதக்கும் கறுப்புத் தொலி கரையாத நார், மலச்சிக்கலுக்கு நல்லது.

பலன் மத்தியானம் வரை நீளும். ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் மைசூர்ப் பருப்பு வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்று மதிய உணவுக்குப் பிறகும் சர்க்கரை குறைவாகவே ஏறியது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2013-இல், காலை உணவைத் தவிர்க்கும் பருவப் பெண்களுக்கு 35 கிராம் புரதமுள்ள காலை உணவு கொடுத்தபோது, இரவு நேர நொறுக்குத்தீனி குறைந்தது. நம் வீட்டுச் சமையலில் காலையிலேயே 35 கிராம் எட்டுவது சிரமம். 20-ஐ ஒட்டி வந்தாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியும். எடை இறங்குமா என்றால், அதற்கு உறுதி சொல்லமாட்டேன். பசி அடங்குவது பெரும்பாலான ஆய்வுகளில் தெரிகிறது. எடை குறைவது எல்லாவற்றிலும் தெரியவில்லை.

கஞ்சிக்கு ஓர் ஆளுக்கு ஒரு கைப்பிடி தொலி உளுந்து, சுமார் 35 கிராம். அரிசி அதில் பாதி. அரிசியைக் கூட்டினால் பழைய கதைதான். பூண்டு, கொஞ்சம் வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பூ. உப்புப் போட்டே குடியுங்கள். கருப்பட்டியை அள்ளிப் போட்டால் அதுவும் சர்க்கரைதான். இதில் 8 கிராம் புரதத்துக்கு மேல் கிடைக்கும். கூடவே ஒரு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் சேர்ந்தால் கணக்கு 20-ஐத் தொட்டுவிடும்.

கஞ்சி வைக்க நேரமில்லாத நாளில் இரண்டு இட்லியைக் குறைத்துவிட்டு, முந்தின இரவு ஊறவைத்த சிறுபயறு சுண்டலோ காணச் சுண்டலோ ஒரு கிண்ணம் எடுங்கள். சுண்டலை முதலில் சாப்பிட்டுவிட்டு இட்லிக்கு வாருங்கள். சட்னியில் பொட்டுக்கடலையை மனசாரப் போட்டு அரையுங்கள். பயறு பழகாத வயிறு முதலில் உப்பும், அதனால் அளவை மெல்ல ஏற்றுங்கள். தண்ணீரும் கூடக் குடிக்கவேண்டும்.

மகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்தியர்கள் எடுக்கும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியோ தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆனால் இதற்காக டப்பாப் பொடிக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கும் சீமை உங்களுடையது. ஓட்ஸ் பிடித்தால் சாப்பிடட்டும். 40 கிராம் ஓட்ஸில் புரதம் 5 கிராம்தான்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 46 வயதாகிறது, மூன்று மாதச் சராசரி சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால், பத்தரை மணிக்குக் கை நடுங்கி வியர்ப்பது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். மருத்துவரிடம் உடனே சொல்லவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. உங்கள் அத்தைக்கு அந்தக் கோளாறு இருந்தால் அவருக்கும் இது பொருந்தும்.