முன்பணம் என்னும் சங்கிலி



"டிப்ளமோ படிக்கிறவனுக்கு நாவல் எதுக்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. பிள்ளைச்சாவடியில் ஆசிரியர்கள், பெற்றோர்கள், பழைய மாணவர்கள் என நாங்கள் சிலர் கூடி, 'எரியும் பனிக்காடு' நாவலைப் படித்து விவாதித்தோம். அதில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியது 'ரெட் டீ'. இரா. முருகவேளின் தமிழாக்கம் 2007-ல் வந்தது. 2013-ல் வெளியான பாலாவின் 'பரதேசி' படத்துக்கு இதுவே அடிப்படை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி பிழைப்புத் தேடித் தேயிலை மலைக்குப் போய்ச் சிக்கிக்கொள்வதுதான் கதை.

குற்றவாளி யார்? எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்! "துரைக்குக் கறுப்புத் தோல்காரன் மனுஷனாவே தெரியல" என்றார் ஒரு ஆசிரியர். "ஊர்லேருந்து கூட்டிட்டுப் போன மேஸ்திரி நம்ம ஆளுதானே சார்?" என்று திருப்பிக் கேட்டார் ஒரு அம்மா.

இருவர் சொன்னதும் சரியே. ஆள் பிடித்துத் தந்தால் மேஸ்திரிக்குக் கமிஷன். தொழிலாளிக்குக் கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். அதைக் கூலியில் கழித்துக்கொண்டே வருவார்கள். ஆனாலும் பாக்கி தீராது. பாக்கி இருக்கும்வரை மலை இறங்க முடியாது. சாட்டையைவிட இந்தக் கணக்கு நோட்டுதான் கொடுமை! சட்டமும் துரை பக்கமே நின்றது. 1859-ம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்பலாம். முதலாளி வாக்குத் தவறினால் அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

இது மலையில் மட்டும் நடந்ததல்ல. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நம் புதுச்சேரி, காரைக்கால் கரையிலிருந்தே ரியூனியன், மார்த்தினிக் தீவுகளுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள்.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் மேஸ்திரி மறைந்துவிட்டானா? நாளை நம்மிடமும் ஒருவர் வருவார். "தம்பி, வெளிநாட்டு வேலை, செலவை அப்புறம் சம்பளத்துல கழிச்சுக்கலாம்" என்பார். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மாதம் எவ்வளவு கழிப்பீர்கள்? நடுவில் விலகினால் என்ன ஆகும்? என் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?

இந்தக் கேள்விகளைக் கேட்கக் கருப்பனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நமக்கு ஒரு நாவல் சொல்லித் தருகிறது. படியுங்கள், நாலு பேரோடு சேர்ந்து படியுங்கள்!