கண்மாய் மீனில் சேற்று வாடை ஏன்? போக்குவது எப்படி?



சென்ற கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்து, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்தார். "கண்மாய் மீன்பாசியை ஏலம் எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு, ஒரு வருஷம் காவல் காத்தோம். சித்திரையில பிடிச்சு வித்தா, வாங்கினவங்க மறுநாளே வந்து ஒரே சேத்து வாடைன்னு சொல்றாங்க. வியாபாரி பாதி விலைக்குக் கேக்கிறார். கண்மாய் மீனு சாப்பிட லாயக்கு இல்லியா?" என்று கேட்டார். குழுவின் சேமிப்புப் பணமும் உள்கடனும் அந்தத் தண்ணீரில்தான் கிடந்தன. அதனால் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். மீன் வளர்க்கிற குழுக்களுக்கு மட்டுமல்ல, வாரத்துக்கு ஒரு நாள் மீன் வாங்குகிற எல்லோருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு விஷயம். சேற்று வாடை மீனின் குணம் அல்ல, மீன் சேற்றைத் தின்பதால் வருவதும் அல்ல. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி, சூடேறி, பச்சையாகப் பாசி கட்டி நிற்கிறதே, அந்தப் பாசியில் ஒரு வகையும் மண்ணில் உள்ள சில நுண்ணுயிர்களும் ஒரு பொருளைத் தண்ணீரில் விடுகின்றன. அதற்கு ஜியோஸ்மின் என்று பெயர். முதல் மழை விழுந்ததும் மண்வாசனை வருகிறதே, அந்த வாசனையைத் தருவது இதே பொருள்தான். பீட்ரூட்டில் மண் வாடை அடிப்பதும் இதனால்தான். மழையில் ரசிக்கிறோம், குழம்பில் வந்தால் முகம் சுளிக்கிறோம்! நம் மூக்கு இதை மிக மிகக் கொஞ்சமாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

மீன் மூச்சு விடும்போது இது செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்குகிறது. அதனால்தான் தோல், வயிற்றுப் பகுதி, விலாவில் ஓடும் கருஞ்சிவப்புச் சதை ஆகியவற்றில் வாடை அதிகம். இந்த வாடையால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. மீனின் சத்தும் குறையாது. 100 கிராம் மீன் சதையில் ஏறத்தாழ 16 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. கடல் மீனுக்கு இது குறைந்ததல்ல.

இப்போது அந்தக் குழுவின் கதைக்கு வருவோம். மழை பெய்து கண்மாய் நிறைந்து, தண்ணீர் தெளிந்து கிடந்த தை, மாசியில் அவர்கள் கொஞ்சம் மீன் பிடித்து விற்றார்கள். அப்போது யாரும் குறை சொல்லவில்லை. மீதியை நன்றாக எடை கூடட்டும் என்று விட்டுவிட்டார்கள். சித்திரையில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது, அதுவும் பச்சைப் பசேல் என்று. மீன் எடை கூடியது உண்மை. வாடையும் கூடியது. ஒருவர் சொன்ன யோசனைப்படி, பிடித்த மீனை வலைக் கூண்டில் போட்டு இரண்டு நாள் அதே கண்மாயில் வைத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. எப்படி இருக்கும்? வாடை தருவதே அந்தத் தண்ணீர்தானே.

உயிர் மீனைப் பாசி இல்லாத கிணற்றுத் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ விட வேண்டும். சிமெண்ட் தொட்டி போதும். தீனி போடக் கூடாது. தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வாடை வெகுவாகக் குறையும், கொழுத்த மீனுக்குக் கூடுதல் நாள் ஆகும். விராலும் கெளுத்தியும் இதற்குத் தாங்கும். விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் மூச்சாக இழுக்கும், அதனால்தான் சந்தையில் அதை உயிரோடு விற்க முடிகிறது. கட்லா, ரோகு நெருக்கமாகப் போட்டால் செத்துப் போகும். தொட்டி இல்லாத குழுக்கள் தண்ணீர் பச்சையாவதற்கு முன்பே பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுவது நல்லது. கடைசி வரை காத்திருந்து கூடுதல் எடையில் வரும் லாபம் பாதி விலையில் போய்விடும் என்பது எங்கள் கருத்து.

மதுரைப் பக்கத்துப் பெண்களுக்கு இந்தச் சூத்திரம் ஏற்கெனவே தெரியும். உயிர் அயிரையை வாங்கி வந்தால் உடனே குழம்பில் போட மாட்டார்கள். பாலிலோ தேங்காய்ப் பாலிலோ கொஞ்ச நேரம் நீந்த விட்டால் வயிற்றில் உள்ள அழுக்கைக் கக்கிவிடும். பிறகு கல் உப்புப் போட்டு மண் சட்டியில் உரசிக் கழுவுவார்கள். அயிரை விலை இன்றைக்குப் பெரிய கடல் மீனோடு போட்டி போடுகிறது. கண்மாய் மீன் மட்டம் என்று யார் சொன்னது?

இனி வீட்டில் செய்ய வேண்டியது. வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளிச்சென்று இருக்கணும், குழி விழுந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்பணும். கெளுத்தி என்றால் முதல் வேலை இரண்டு பக்க முள்ளையும் முதுகு முள்ளையும் வெட்டுவது. குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். விராலை அடுப்புச் சாம்பல் தடவிப் பிடித்தால் வழுக்காது.

ஜிலேபிக் கெண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இப்போது எந்தக் குளத்தில் வலை போட்டாலும் இதுதான் வருகிறது. அதிகம் ஏச்சு வாங்குவதும் இதுதான். வயிற்றைக் கீறினால் உள்ளே கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விரலாலோ தேங்காய் நாராலோ தேய்த்துச் சுத்தமாக எடுத்துடுங்க. வாடை ரொம்ப இருந்தால் தோலையும் உரித்து, விலாவின் கருஞ்சதையையும் அரிந்து எடுக்கலாம்.

எந்த மீனானாலும் பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும், உடைந்தால் கசப்பு. சில ஊர்களில் ரோகு, கட்லா மீனின் பித்தப்பையைச் சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று பச்சையாக விழுங்குகிறார்கள். தயவு செய்து யாரும் செய்யாதீர்கள். அதில் விஷம் உண்டு, சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

நறுக்கிய துண்டுகளைக் கல் உப்பும் மஞ்சள் தூளும் போட்டுப் பிசறி, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். பிறகு புளித்த மோரிலோ, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ அரை மணி நேரம் ஊற வைத்து வடித்துவிடுங்கள். புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடை போய்விடும். நம் பாட்டிமார் மீனுக்குப் புளியைக் கரைத்து ஊற்றியது ருசிக்கு மட்டும் இல்லை, பாருங்க.

ஒரு கிலோ மீனுக்குக் குழம்பு வைக்கும் முறை: பெரிய எலுமிச்சை அளவு புளியை ஊறப் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். மண் சட்டியில் நான்கு கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம் அரை ஸ்பூன், கறிவேப்பிலை, இரண்டு கை சின்ன வெங்காயம், பதினைந்து பல் பூண்டு போட்டு வதக்குங்கள். மூன்று தக்காளி சேர்த்துக் குழைய விடுங்கள். மிளகாய்த் தூள் இரண்டு ஸ்பூன், மல்லித் தூள் நான்கு ஸ்பூன், மஞ்சள் தூள், உப்பு போட்டுப் புளித் தண்ணீரை ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கட்டும். அதற்குப் பிறகுதான் மீன். முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். எட்டுப் பத்து நிமிடம் போதும். கரண்டி விடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டி விடுங்கள். கட்லாத் தலையை வீணாக்காதீர்கள், அதில்தான் சதை அதிகம், குழம்புக்கும் அதுதான் ருசி. ஜிலேபியைக் குழம்பைவிட வறுப்பதே மேல். இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு பூசி அரை மணி நேரம் வைத்து, குறைந்த தீயில் மொறுமொறுவென்று எடுங்கள்.

ரோகு, மிர்காலில் சதைக்குள் கவட்டை முள் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனாக வாங்குங்கள், முள் பெரிதாகக் கைக்குத் தெரியும். விராலில் அந்தத் தொல்லை இல்லை. தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்க வைப்பது நம் பழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கும். டாக்டரிடம் போவதுதான் சரி. அயிரை போன்ற பொடி மீனை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும், கர்ப்பிணிகளுக்கும் நல்லது.

சாயப்பட்டறைக் கழிவோ, தோல் தொழிற்சாலைக் கழிவோ, சாக்கடையோ கலக்கிற தண்ணீரின் மீன் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த விஷம் புளிக்கும் போகாது, தீக்கும் போகாது. மருந்து கலக்கிப் பிடித்த மீனும் அப்படித்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்காதீர்கள், வளர்க்கவும் செய்யாதீர்கள். கோழிக் கழிவைப் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற மீனையெல்லாம் தின்று தீர்க்கும் என்பதால் நம் நாட்டில் அதன் வளர்ப்புக்குத் தடை இருக்கிறது.

அந்தக் குழு இந்தத் தடவை மாசியிலேயே முதல் வலை போட்டது. ஒரு உறுப்பினர் வீட்டுத் தோட்டத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி விராலை மட்டும் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சந்தையில் மீனோடு சேர்த்து, சுத்தம் செய்யும் முறையையும் வாயால் சொல்லியே விற்றார்கள். ஏலத் தொகை முழுக்க வந்துவிட்டது. குஞ்சு வாங்கிய உள்கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி.