வேகக் காரின் புகைக்குழாய்: எந்த உலோகம் உசிதம்?

வேகத்தின்பொருட்டு எஞ்சினைத் திருத்தியமைத்த காருக்குப் புதிய சைலன்சர் பொருத்த விரும்புவோர், அதன் ஓசையில் மயங்குவதற்கு முன்னர், குழாய் எந்த உலோகத்தால் ஆனது என்பதை விசாரித்தறிவது அவசியம். சாதாரண எஃகுக் குழாய் மலிவானதே; எனினும், பெட்ரோல் எரிவதனால் உண்டாகும் நீராவி குளிர்ந்து உள்ளே தேங்குவதால், மேலே பூசிய வர்ணம் எத்துணை நேர்த்தியாயிருப்பினும், அது உட்புறமிருந்தே துருவேறி நாசமாகும்; குழாய் நன்கு சூடேறுமுன் நின்றுவிடும் குறுந்தூர ஓட்டத்தில் இந்த அபாயம் அதிகம். அலுமினியம் பூசியது சற்று மேல். ஆயினும் வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு கருகிவிடும்.

துருப்பிடிக்காத எஃகென்று விற்கப்படுவனவற்றுள்ளும் தாரதம்மியம் உண்டு. சுமார் 11 சதவீதம் குரோமியமுள்ள 409 ரகம் மேலே பழுப்பேறினும் உறுதியாய் உழைக்கும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 ரகமோ பொலிவும் நீடித்த ஆயுளும் உடையது. வாங்குமுன் வளைவில்லாத பகுதியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: 409-இல் இறுகப் பற்றும், 304-இல் பெரும்பாலும் பற்றாது. டர்போவை ஒட்டிச் செந்தணலாய்க் காயும் பகுதிக்கு மட்டும், டைட்டானியம் சிறிதளவு கலந்த 321 ரகம் தகும்.

முழு டைட்டானியக் குழாய், அதே கனத்தில், எஃகின் எடையில் பாதியைச் சற்றே மிஞ்சும். ஆனால் வெல்டிங் செய்கையில் குழாயின் உட்புறத்தையும் ஆர்கான் வாயுவால் நிரப்பிக் காற்றை விலக்காவிடில் இணைப்பு நொறுங்குந்தன்மை எய்துமாதலால், அவ்வழக்கமுள்ள பட்டறையிலன்றி அதனைச் செய்விக்க வேண்டாம்.