புதுச் சைக்கிளும் பழைய முழங்காலும்



நம்மவர்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழே ஒரு சைக்கிள் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. சீட்டுக்கு மேல் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கும். டயரில் காற்று இறங்கிப் போயிருக்கும். "ஏன் ஓட்டுறது இல்ல?" என்று கேட்டால், "மூணு நாள் ஓட்டினேன், முட்டி வலி தாங்கல. நமக்கு அது ஒத்து வராது" என்று பதில் வரும்.

வேலைக்குப் போக வாங்கிய சைக்கிள் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான் மூலைக்குப் போகிறது. வண்டி மேல் குற்றமில்லை, உங்கள் வயது மேலும் குற்றமில்லை. வண்டியை உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்யாமல் ஓட்டியதும், உடம்பு பழகுமுன் அதிக தூரம் ஓட்டியதுமே காரணம். முன்னதற்கு ஒரு ஸ்பேனர் போதும். பின்னதற்கு இரண்டு வாரப் பொறுமை வேண்டும். இந்த இதழில் அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நடை நின்றது, நோய் வந்தது

தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு நடந்தோம். பெரட்டிலிருந்து நிரைக்கு நடந்தோம். காண்டாவில் பால் வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடந்தோம். அது சுகமான வாழ்க்கை என்று யாரும் சொல்ல முடியாது. தோள் காய்த்தது, இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் கால்கள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

பேராக்கில் ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பிறகு, நம் குடும்பங்கள் பல ஈப்போ, செமோர், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் குடியேறின. இப்போது வேலை தொழிற்சாலையில், கடையில், காவல் கூண்டில். பேருந்தில் போய், நின்ற இடத்திலோ உட்கார்ந்த இடத்திலோ வேலை பார்த்து, திரும்ப வந்து தொலைக்காட்சி முன் உட்காருகிறோம். சாப்பாடு மட்டும் நிரையில் வேலை செய்த காலத்துச் சாப்பாடாகவே இருக்கிறது.

இதன் பலன் என்ன? 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர்! அதிலும் இந்தியர்களிடையேதான் இந்த நோய் மிக அதிகம்.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. "வேலை முடிஞ்சு வந்து எங்கே பயிற்சி செய்றது?" என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் வேலை இடம் 3 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு கட்டை தொலைவு என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக மிதித்தால் 15 நிமிடம். போக 15, வர 15. வாரத்துக்கு 5 நாள் வேலை என்றால் 150 நிமிடம் ஆகிவிட்டது. தனியாக நேரமும் தேவையில்லை, காசும் தேவையில்லை. பேருந்துக் காசும் மிச்சம்.

முதலில் சீட்டைச் சரிசெய்க

முட்டி வலிக்கு முதல் காரணம் சீட்டு உயரம். கடையில் எந்த உயரத்தில் வைத்துக் கொடுத்தார்களோ அதே உயரத்தில் ஓட்டுகிறோம். பயத்தில் தாழ்த்தியும் வைத்துக்கொள்கிறோம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், அதன் மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு ஓட்டும்போது விரல்களுக்குப் பின்னே உள்ள அகன்ற பாகத்தால் மிதித்தால், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

சீட்டு தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயரமாக இருந்தால் முழங்காலின் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். வலிக்கும் இடமே எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. திருத்தும்போது ஒரு விரற்கடை அளவுக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு, நிற்கும்போது இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று ஆசை இருக்கும். முதல் சில நாள் தாழ்த்தி வைத்துப் பழகலாம், தவறில்லை. தைரியம் வந்ததும் உயர்த்திவிடுங்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகிக்கொண்டால் விழ மாட்டீர்கள்.

உட்காரும் இடத்தில் வலிப்பது வேறு கதை. அங்கே இரண்டு எலும்புகள் நம் பாரத்தைத் தாங்குகின்றன. பழகாத இடத்தில் பாரம் விழுவதால் முதல் ஒன்றிரண்டு வாரம் வலிக்கத்தான் செய்யும். சீட்டு மட்டமாக இருக்கட்டும், மூக்கு மேலே தூக்கியிருக்கக் கூடாது. பஞ்சு மெத்தை போன்ற தடித்த உறை வாங்கிப் போடாதீர்கள். அது எலும்பைத் தாங்காமல் தொடைச் சதையை அழுத்தும், உரசும்.

கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போனால், உள்ளங்கையில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள். உடல் பாரம் கையில் விழாதபடி கைப்பிடியைச் சற்று உயர்த்தினால் சரியாகிவிடும்.

இரண்டு வாரப் பழக்கம்

முதல் நாளே வேலைக்கு ஓட்டிப் போகாதீர்கள். விடுமுறை நாளில் காலை வேளையில் அதே பாதையில் ஒரு தடவை போய் வாருங்கள். எங்கே குழி, எங்கே ஏற்றம், எந்தச் சந்திப்பில் லோரி திரும்பும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் தெரிந்துவிடும்.

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். இடைப்பட்ட நாளில் வழக்கம் போல் பேருந்திலோ நடந்தோ போங்கள். சதை ஓய்வு எடுக்கும்போதுதான் பலம் பெறுகிறது. இரண்டாம் வாரம் நான்கு நாள். மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் ஓட்டலாம்.

பக்கத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். கியர் உள்ள வண்டியானால் இலேசான கியரில் வைத்து அடிக்கடி மிதியுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பது முழங்காலுக்குப் பகை. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவமானம் இல்லை.

தொடையில் இலேசான வலி, அலுப்பு இவை இயல்பு. மூட்டு வீங்கினாலோ, குத்துகிற வலி இருந்தாலோ, ஓய்வு எடுத்தும் ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ கிளினிக்கில் காட்டுங்கள். ஓட்டும்போது நெஞ்சு இறுக்கினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், உடனே நிறுத்தி 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனிக்க

சைக்கிள் ஓட்டுவது உங்களுக்கு நல்லது. ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வழியில் இனிப்பு அளவு திடீரென்று இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் இவை அடையாளம். உடனே வண்டியை நிறுத்துங்கள். மூன்று தேக்கரண்டி சீனி கலந்த தண்ணீரோ, இனிப்பு மிட்டாயோ சாப்பிட்டு, தெளிந்த பிறகே புறப்படுங்கள். சட்டைப் பையில் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். பசியாறாமல் புறப்படாதீர்கள். உங்கள் மருந்து அந்த வகையா என்று கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் சிலிப்பர் போட்டு ஓட்ட வேண்டாம். குதிகால் மூடிய சப்பாத்துப் போடுங்கள். இரவில் பாதத்தைப் புரட்டிப் பார்த்து, கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

வண்டிக்கும் வைத்தியம் உண்டு

புது வண்டிக்கு முதல் மாதத்தில்தான் கவனிப்பு அதிகம் தேவை. பிரேக் கம்பி நீளும், கம்பிக் கால்கள் தளரும், நட்டுகள் இளகும். மூன்று நான்கு வாரம் ஓட்டியதும் கடைக்குக் கொண்டுபோய் இறுக்கிக்கொள்ளுங்கள். நீங்களே இறுக்குவதானால் ஒன்றை மறவாதீர்கள்: இடது பெடலின் மறை தலைகீழானது. வழக்கமான பக்கம் திருகினால் கழன்றுவிடும்.

டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். காற்றுக் குறைந்த வண்டியை மிதிப்பது மூட்டை ஏற்றிய வண்டியை மிதிப்பது போல. டயரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர்க் கதை தொடங்கியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பிறகு உலகத்துச் சக்கரங்கள் ஓட நம் பாட்டன்மார்களும் பாட்டிமார்களும் மரம் சீவினார்கள்.

பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். சக்கரத்தில் சிக்கினால் தலைகுப்புற விழ நேரும். பின்னால் கேரியரில் கட்டுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, கைலி இவற்றைச் செருகிக்கொள்ளுங்கள். மழையில் பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடியுங்கள்.

இருட்டும் லோரியும்

1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து, நமக்குக் காலை 7 மணி சுமாருக்குத்தான் வெளுக்கிறது. 7 மணி ஷிப்டுக்குப் போகிறவர் இருட்டில்தான் போக வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். தலைக்கவசம் அணியுங்கள்.

இடது ஓரமாக, நேராக ஓட்டுங்கள். லோரியின் இடது பக்கத்தில் ஒட்டி நிற்கவே கூடாது. ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அவர் இடது பக்கம் திரும்பினால் பின் சக்கரம் உங்கள் மேல் ஏறிவிடும். வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய சாலையிலேயே போங்கள்.

வழியில் விழுந்தால்

வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சொக்சோ சட்டம், 24ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. "சைக்கிள்ல போய் விழுந்தா யாரு காசு கொடுப்பா?" என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்கள் மோட்டாரில் போனாலும் சைக்கிளில் போனாலும் உரிமை ஒன்றுதான்.

அதே நாளில் சிகிச்சை பெற்று மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். முதலாளிக்கு உடனே தெரிவியுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். வழியை விட்டு விலகிச் சொந்த வேலைக்குப் போயிருந்தால் கோரிக்கை சிக்கலாகும். ஆகவே ஒரே வழியாகப் போய் வருவது நல்லது. முதலாளி இழுத்தடித்தால் சங்கப் பொறுப்பாளரிடம் வாருங்கள்.

"இந்த வயசுல எனக்கா?"

தாய்மார்கள் சிலர், "நான் சைக்கிள் ஓட்டினா ஊரு சிரிக்கும்" என்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் கல் உடைக்கும் கூலிப் பெண்களும் உண்டு. முதலில் சிரித்த ஊர் பிறகு பழகிக்கொண்டது. பேருந்துக்குக் காத்துக் கிடந்த நேரம் அந்தப் பெண்களுக்கு மிச்சமாயிற்று.

ஆகவே தோழர்களே, படிக்கட்டின் கீழே நிற்கும் அந்தச் சைக்கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். தூசி தட்டி, காற்றடித்து, குதிகாலைப் பெடலில் வைத்துச் சீட்டை அளந்து பாருங்கள். பிறகு லயத்து நாள் கூட்டாளி யாராவது பக்கத்து வீட்டில் இருந்தால் அவரையும் கூப்பிட்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.