ராஜினாமா எழுதும் முன்

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வேலையையும் விடாமல் சமாளித்த அம்மாக்கள், அதே பிள்ளைக்கு 18 முடிந்ததும் தளர்ந்துபோவதைப் பார்க்கிறேன். சிறப்புப் பள்ளி நின்றுவிடுகிறது. பகலெல்லாம் அவன் வீட்டில். 'இனி நான்தான் கூட இருக்கணும்' என்று ராஜினாமா எழுதிவிடுகிறார்கள்.

அவசரப்படாதீர்கள். 50 வயதில் விட்ட வேலை திரும்பக் கிடைப்பது அரிது. நல்ல மருத்துவ வசதி கிடைத்தால் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இன்று 60 வயதுவரைகூட வாழ்கிறார்கள். உங்கள் சம்பளம் அவனுடைய முதுமைக்கும் சேர்த்துத்தான்.

மத்திய அரசுப் பணியில் இருந்தால் குழந்தைப் பராமரிப்பு விடுப்பைக் கேளுங்கள். 'பையனுக்குத்தான் 24 ஆயிடுச்சே' என்று செக்‌ஷனில் யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். 18 வயது வரம்பு மற்ற பிள்ளைகளுக்கு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாட்டுச் சான்று உள்ள பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள்: முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். ஐந்து நாளாகக்கூட எடுக்கலாம் என்பதால் பிரித்துப் பிரித்து எடுங்கள். இமாச்சலப் பிரதேசக் கல்லூரி ஆசிரியை ஒருவருக்கு இந்த விடுப்பு மறுக்கப்பட்டபோது, பெண்கள் வேலையில் தொடர்வது சலுகையன்று, அரசமைப்பு தரும் உரிமை என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு.

தனியாரில் இதற்கு ஈடான சட்ட விடுப்பு இல்லை. பேசித்தான் வாங்க வேண்டும். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. வேண்டியதைக் கணக்காகச் சொல்லுங்கள்: "சார், எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் போடுங்க. செவ்வாய், வியாழன் நாலு மணிக்குக் கிளம்பணும். மத்த நாள்ல முன்னாடியே வந்து சரிக்கட்டிடறேன். மூணு மாசம் பாருங்க." ஒத்துக்கொண்டதை அன்றே மெயிலில் போட்டுவிடுங்கள். மேலாளர் மாறும்போது அதுதான் கைகொடுக்கும்.

லீவு போட்டாவது முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. 18க்குப் பிறகு, பெற்றவள் என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசு ஊழியர் என்றால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவன் பெயரை நீங்கள் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவும் உண்டு. குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

உங்கள் உடம்பு, மனசு? அமெரிக்காவில் மார்ஷா மைலிக் குழுவினர் வயதான தாய்மார்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம்பிக்கை தருகிறது. வேறு காரணங்களால் அறிவுசார் குறைபாடு வந்தவர்களின் அம்மாக்களைவிட, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் அம்மாக்களுக்குப் பராமரிப்புச் சுமையின் அழுத்தம் குறைவாகவும், சுற்றத்தின் துணையில் திருப்தி கூடுதலாகவும் இருந்தது. அந்தத் துணையை நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு சாயங்காலம் தங்கையோ நாத்தனாரோ அவனோடு இருக்கட்டும்; நீங்கள் ஆபீஸ் தோழியோடு கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ போய் வாருங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் தைராய்டு பார்க்க வேண்டும். அவனை லேபுக்கு அழைத்துப் போகும் அன்று நீங்களும் வெறும் வயிற்றோடு கிளம்புங்கள். அவன் கை நீட்டி முடித்ததும், உங்கள் சர்க்கரைக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து இட்லி சாப்பிட்டு வரலாம்.