கயிறு கட்டத் தெரியுங்களா தம்பி?

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த மூன்றாம் நாள், நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். முதலாளி லைசென்ஸை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "யாரு வண்டியில இருந்தீங்க தம்பி? கயிறு கட்டத் தெரியுங்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று ஐந்து ஆபீஸ் ஏறி இறங்கினேன். எங்கும் இதே கேள்விகள்தான்.

அப்போது கோபம் வந்தது. இன்று அவர்கள் பக்கம் புரிகிறது. பல லட்ச ரூபாய் வண்டி, அதற்கு மாதத் தவணை, மேலே அடுத்தவர் சரக்கு. இத்தனையையும் முகம் தெரியாத பையனை நம்பி வெளிமாநிலம் அனுப்ப வேண்டும். அதனால் முதல் வேலை தேடுகிறவர் முதலில் சம்பாதிக்க வேண்டியது, தனக்காகப் பேச ஒரு ஆள்.

அந்த ஆளை நான் சங்ககிரியில் கண்டேன். தெரிந்தவர் ஒருவரின் பத்து வீல் வண்டியில் கிளீனராக ஏறினேன். லைசென்ஸ் வைத்துக்கொண்டு கிளீனரா என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். அந்த ஓராண்டில் கற்றதை வைத்துத்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன். ஷெட்டுக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்துவது, டிரைவர் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது காலி வண்டி ஓட்டுவது, பிறகு உள்ளூர் லோடுக்கு ஆக்டிங் டிரைவராகப் போவது என்று படிப்படியாகத்தான் வண்டி கைக்கு வந்தது.

நம் பகுதியில் வழிகள் பல. நாமக்கல்லில் ட்ரெய்லர், கேஸ் டேங்கர், கேரளத்துக்கு முட்டை வண்டி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. அதில் ஏறினால் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருக்க மனம் வேண்டும். கேஸ் டேங்கருக்கு அபாயகரமான சரக்குக்கான தனிப் பயிற்சியும், லைசென்ஸில் அதற்கான பதிவும் கட்டாயம். அதை முதல் வேலையாக எண்ண வேண்டாம். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. படிப்பு இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம்.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். ஒருமுறை சிமென்ட் ஏற்றிப் பாலக்காடு போனோம். பின்பக்கம் தார்ப்பாய் மடிப்பை நான்தான் கட்டினேன். வாளையாறு தாண்டியதும் மழை. இறக்கும்போது பார்த்தால் ஓரத்து மூட்டைகள் நனைந்து கட்டியாகியிருந்தன. அதற்கான பணத்தை வாடகையில் பிடித்துக்கொண்டார்கள். தவறு என்னுடையது. அன்று முதல், ஏற்றிய பின் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒருமுறை இறங்கி, சுற்றி வந்து, ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்க்காமல் நான் போவதில்லை. சரக்கு அமர அமரக் கயிறு தளரும்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது அங்கே உயிரைப் பணயம் வைப்பது. பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, பொறுமையாக இறங்குங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் எந்த முதலாளியும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்.

சாவி வாங்குமுன் கணக்கைப் பேசிவிடுங்கள். மாதச் சம்பளமா, டிரிப்புக்குப் படியா, வாடகையில் பங்கா? பஞ்சர், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் செலவு? ஃபாஸ்டேகில் பணம் போடுவது யார்? கேட்கக் கூச்சப்பட்டு நான் இரண்டு டிரிப் படியை இழந்திருக்கிறேன். ஒரு நோட்டில் தேதி போட்டு எல்லாச் செலவையும் எழுதுங்கள். கணக்கு ஒழுங்காக இருக்கும் டிரைவரை எவரும் எளிதில் விடமாட்டார்கள்.

கிளம்பும்போது ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் ஆகியவற்றின் தேதிகளை நீங்களே பாருங்கள். இ-வே பில் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். வழியில் வண்டி நின்றுவிட்டால் அது முடியும் நேரத்தை உடனே ஆபீசுக்குச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அபராதமே 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

கடைசியாகத் தூக்கம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொல்லிவிட்டது. கண் சொருகும்போது டீ குடித்துச் சமாளிக்காதீர்கள். பங்கில் ஓரம்கட்டி ஒரு மணி நேரம் படுங்கள்.

லைசென்ஸ் வாங்கிய தம்பிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வண்டி கேட்டு அலையுமுன், நல்ல டிரைவர் ஒருவருடன் பத்து டிரிப் போய் வாருங்கள். பதினோராவது டிரிப்புக்கு அவரே உங்களைக் கைகாட்டுவார்.